அலைவரிசைப் பொறுக்கி

பொறுக்கி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். தெருமுனையில் நின்று விசில் அடிப்பவனைப் பற்றி நான் பேச வரவில்லை. பொறுக்கி எடுப்பவர் பொறுக்கி. அந்த நேரான பொருளில்தான் சொல்கிறேன். மற்றப் பொருளும் கடைசியில் பொருந்திப் போனால் அதற்கு நான் பொறுப்பல்ல.

சந்தையில் பார்த்திருப்பீர்கள். ஆப்பிள் கூடைக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். ஒவ்வொன்றாக எடுப்பார், அமுக்குவார், முகர்வார், காம்பைத் திருகுவார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பின்னால் நிற்பவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க நிற்கக் கூடையின் அடிவரைக்கும் துழாவுவார், கடைசியில் "நல்லதா ஒண்ணும் இல்லையே" என்று வெறுங்கையோடு போவார். அந்த இனம்தான். அதில் ஓர் அபூர்வ வகை ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில், எங்கள் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில், ஈரக் காற்றிலும் தேநீரிலும் ஊறிக் கொழுத்து வளர்கிறது. அதன் பெயர்தான் அலைவரிசைப் பொறுக்கி.

நாங்கள் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். பரணிலும் மாட்டுக்கொட்டகை மூலையிலும் பெட்டி கட்டி, கம்பி இழுத்து, டிட் டா என்று மோர்ஸ் தந்திக் குறியில் பேசிக்கொள்பவர்கள். அரசாங்கம் எங்கள் தொல்லை தாங்காமல் மத்திய அலையிலும் ஒரு துண்டைக் கொடுத்திருக்கிறது. 472 கிலோஹெர்ட்ஸிலிருந்து 479 வரை. ஏழே ஏழு கிலோஹெர்ட்ஸ். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் மோர்ஸ் ஒல்லியான பயல். நெருக்கி உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் எழுபது பேருக்கு இடம் இருக்கிறது. உட்கார வருகிறவர்களோ ஐரோப்பா முழுவதிலும் சேர்த்து ஒரு கல்யாண வேனுக்குக்கூடத் தேற மாட்டார்கள்.

இதில் கிரிஸ்டல்காரர்கள் என்று ஒரு கூட்டம். கிரிஸ்டல் என்பது சின்னத் தகர டப்பாவுக்குள் அடைத்த குவார்ட்ஸ் சீவல். ஒரே ஓர் எண்ணில்தான் துடிக்கும். காலில் விழுந்து கெஞ்சினாலும் பக்கத்து எண்ணுக்கு வராது. குமிழைத் திருகினால் எங்கு வேண்டுமானாலும் போகிற பெட்டிகள் கடையில் கிடைக்கத்தான் செய்கின்றன. இருந்தாலும் கிரிஸ்டலில் அனுப்புவதுதான் கௌரவம் என்று இவர்களுக்கு ஒரு பிடிவாதம். ஆகையால் ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களையும் என்னையும் போன்றவர்கள் என்ன செய்வோம்? கையில் அகப்பட்ட கிரிஸ்டலைச் செருகுவோம். அங்கே யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லையே என்று ஒரு நிமிஷம் காது கொடுப்போம். பேச ஆரம்பிப்போம். நான் ஓர் எண், நீ ஓர் எண் என்றாலும் குடி மூழ்காது. இவர்களுக்குள் ஒரு பழைய மரியாதை உண்டு: கூப்பிட்டு முடித்ததும் "கீழேயிருந்து மேலே வரை தேடி வருகிறேன்" என்று மூன்றெழுத்தில் ஒரு குறி அனுப்புவார்கள். எதிராளி எங்கிருந்து பதில் கொடுத்தாலும் தேடிப் பிடித்துக்கொள்வார்கள்.

பொறுக்கி இப்படிச் செய்வாரா? செய்தால் அவர் எப்படிப் பொறுக்கி ஆவார்?

எங்கள் மன்றத்து ஐலர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வேலி அரை முழம் தள்ளி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். அவருடைய டிரான்ஸ்மிட்டர் எப்போதோ தயார். தோட்டத்தில் கம்பம் நட்டுக் கம்பியும் இழுத்தாயிற்று. அந்தக் கம்பத்தின் உச்சியில் நாரை வந்து கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியும் விட்டது. ஐலர்ட் இன்னும் ஒரு புள்ளிகூட அனுப்பவில்லை. அலைவரிசை முடிவாகவில்லையாம்.

472-க்குப் பக்கத்தில் வேண்டாம். பனிக்காலத்தில் கிரிஸ்டல் குளிர்ந்து எல்லைக்கு வெளியே நழுவிவிட்டால்? 474? அந்தப் பக்கம் எங்கோ ஒரு விமானத் தளத்தின் வழிகாட்டிக் கருவி முனகுகிறது. 475? "முழு எண்ணா? முட்டாள்கள் எல்லாரும் அங்கதான் வந்து குவிவாங்க." குவிந்திருக்கிறார்களா என்று கேட்டால் இதுவரை இல்லை என்பார். அதற்குக் கொஞ்சம் மேலே, கையால் தட்டாமல் கம்ப்யூட்டரை விட்டுப் பேசவைக்கும் கம்ப்யூட்டர்காரர்கள் கிசுகிசுக்கிறார்கள். அவர்கள் ஜாதியே வேறு. 479-ன் பக்கம் போனால் வெயில் காலத்தில் மேலே நழுவும். பக்கத்துப் பண்ணையின் மின்வேலி வேறு டிக் டிக் என்று எல்லா எண்ணிலும் தட்டிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லிப் போனார். "நிறுத்திடலாம், மாடு ஓடினா நீ போய்ப் பிடிச்சுக் கட்டறியா?" என்று பண்ணைக்காரர் கேட்டதும் திரும்பி வந்துவிட்டார்.

அவருடைய அடையாளங்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலை மேலே தூக்கி அறையையே அடக்குவார். "இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு" என்பது அவருக்கு மூச்சு. "அவசரப்பட்டா ஆயுசு முழுக்க அனுபவிக்கணும்" என்பது மறு மூச்சு. பொறுக்கிக்குக் காது உண்டு, ஆனால் அதை அவர் உபயோகிப்பதில்லை. ஒலிபெருக்கியை முழுக்கக் குறைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் ஏழு கிலோஹெர்ட்ஸும் நீலமாக வழிந்துகொண்டிருக்கும். எங்காவது சத்தம் இருந்தால் அங்கே வெள்ளையாக ஒரு கோடு விழும். கோடு விழுந்த இடம் அழுக்கு. விழாத இடம் சுத்தம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு மனிதன் உட்கார்ந்து மோர்ஸ் சாவியைத் தட்டிக்கொண்டிருப்பான் என்கிற சின்ன விஷயம் மட்டும் அவருடைய அளவையில் வராது.

மன்றக் கூட்டம் என்றால் அவருக்குத் திருவிழா. தலைவர், தம்மே என்று பெயர், மணியை அடித்து, "வேற ஏதாவது பேச வேண்டியது உண்டா?" என்று ஒப்புக்குக் கேட்பார். ஐலர்ட் எழுந்திருப்பார். நாங்கள் எல்லோரும் இன்னொரு பீர் சொல்லிவிடுவோம்.

"477.3 ரொம்ப நல்லா வந்துட்டிருந்துச்சு, தலைவரே. வழிகாட்டிக் கருவி கிடையாது, கம்ப்யூட்டர்காரன் கிடையாது, குளிரோ வெயிலோ பயமில்லை. அதையே முடிவு பண்ணிடலாம்னு இருந்தேன். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில யாரோ ஒருத்தன் அங்க வந்து சொரண்டறான்."

"சொரண்டறானா?"

"மெல்லிசா ஒரு கோடு. நின்னு நின்னு வருது. வாரா வாரம். மனுஷன் நிம்மதியா ஒரு இடம் பாக்க முடியல."

"யாரு, என்னன்னு கேட்டுப் பாத்தியா?"

"நான் ஏன் கேக்கணும்? இடம் அழுக்கு. தள்ளிட்டேன்."

தம்மே மணியை அடித்தார்.

இப்போது ஒன்னோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்னோவும் ஐலர்ட்டும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மோர்ஸ் பழகியதும் ஒன்றாகத்தான், வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டி, இருவரும் ஒன்றாகவே அடி வாங்கி. ஒன்னோ பிறகு யூஸ்ட் தீவுக்குப் போய்ப் படகுத் துறையில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். மத்திய அலை எங்களுக்குத் திறந்தபோது இருவரும் ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள். அந்த அலையில் இருவருக்கும் முதல் தொடர்பு ஒருவரோடொருவராகத்தான் இருக்க வேண்டும். அதுவரை வேறு யாரோடும் பேசுவதில்லை. எண்ணை முன்கூட்டிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. காற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் மன்றத்தில் அந்த அலைக்குத் துணிந்தவர்கள் அவர்கள் இருவர்தாம். அவ்வளவு நீளக் கம்பிக்கு மற்றவர்களிடம் தோட்டம் இல்லை. நான் இருப்பது மாடி வீடு.

ஒன்னோ கையில் கிடைத்த கிரிஸ்டலைச் செருகி, புகைபோக்கிக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே ஒரு கம்பியைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். இப்போது அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. வீட்டை விற்றாயிற்று. காஸல் நகரத்தில் மகள் வீட்டுக்குப் போகிறார். மகள் இருக்கும் அடுக்குமாடியில் துணிக்கொடி கட்டவே அனுமதி கேட்க வேண்டும். செப்டம்பர் கடைசி ஞாயிறு தீவில் அவருக்குக் கடைசி ஞாயிறு. மறுநாள் ஆள் வந்து கம்பியை இறக்கிவிடுவான். அதற்குள் அந்த முதல் தொடர்பு நடந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஐலர்ட்டுக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். கேஷே கதவைத் திறந்தாள். ஐலர்ட்டின் மனைவி. அவள் நாக்குக்கு மன்றத்தில் எல்லோரும் பயப்படுவோம்.

"வாங்க. மேல இருக்கு உங்க சிநேகிதர். முட்டை மேல உக்காந்திருக்கு. எப்ப பொரியும்னுதான் தெரியல."

பரணில் ஐலர்ட் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விரல் மேலே போயிற்று.

"பாத்தியா? 476.2. கண்ணாடி மாதிரி இருக்கு. இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு..."

"ஒரு வாரமா? ஒன்னோ நாளைக்குக் கம்பியை இறக்கறான்ப்பா!"

"எனக்குத் தெரியாதா? நானும் வாரா வாரம் அவனைத்தான் பாத்துட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடறேன்னு சொன்னான். எங்க கூப்பிட்டான்? அவன் எப்பவுமே சோம்பேறி." சொல்லிக்கொண்டே திரையில் விரலை வைத்தார். "இந்தா, வந்துட்டான் பாரு அந்தச் சொரண்டறவன். டாண்ணு வந்துடுவான். இந்த நாசமாப் போறவன் இல்லைன்னா 477.3 என்ன அருமையான இடம்!"

நீலத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு வழிந்தது. நின்றது. மறுபடி வழிந்தது. நான் குனிந்து ஒலிபெருக்கியின் குமிழைத் திருகினேன்.

"ஏய், அளவு கெட்டுடும்!"

மின்வேலியின் டிக் டிக்குக்கு நடுவே, பலவீனமாக, ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக வந்தது. ஐலர்ட்டின் அழைப்புப் பெயர். மறுபடி ஐலர்ட்டின் பெயர். மறுபடியும். பிறகு ஒன்னோவின் பெயர். கடைசியில் அந்த மூன்றெழுத்து: கீழேயிருந்து மேலே வரை தேடி வருகிறேன். பிறகு அமைதி. அங்கே தீவில் முழங்கால் போன ஒரு மனுஷன் ஏழு கிலோஹெர்ட்ஸையும் மெல்லத் துழாவிக்கொண்டிருந்தார்.

நான் ஐலர்ட்டைப் பார்த்தேன். ஐலர்ட் திரையைப் பார்த்தார்.

"ஒன்னோவா?" என்றார். "இவ்வளவு நாளும்?"

"ஆமா, உன் பேரைத்தான் சொரண்டிட்டு இருந்திருக்கான். ஏதாவது ஒரு கிரிஸ்டலைச் செருகிப் பதில் குடு. அவன் தேடிட்டு வர்றான்."

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கையில் அகப்பட்டதை எடுத்துச் செருகியிருப்பீர்கள். ஐலர்ட் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பஞ்சு மெத்தையில் வரிசை வரிசையாகக் கிரிஸ்டல்கள், நகைக்கடை மாதிரி.

"ஏதாவது ஒண்ணுன்னு சொல்லாதே. இது எங்களோட முதல் தொடர்பு. நாளைக்கு நாலு பேர் எந்த அலைவரிசைன்னு கேப்பாங்க."

"475-ஐப் போடு!"

"அங்க கூட்டம்."

"எங்கய்யா கூட்டம்? திரையைப் பாரு, ஈ காக்கா இல்ல."

"இப்ப இல்ல. நான் பேச ஆரம்பிச்சா வருவாங்க."

"அப்ப 474!"

"அந்த முனகலுக்குப் பக்கத்துலயா? ஒன்னோவுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?"

ஒலிபெருக்கியில் ஒன்னோ மறுபடியும் கூப்பிட்டார். அதே பெயர். அதே மூன்றெழுத்து. நான் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தேன். "கொஞ்சம் இருக்கச் சொல்றேன்."

ஐலர்ட் என் மணிக்கட்டைப் பிடித்தார். "போன்ல சொல்லி வெச்சா அது தொடர்புலயே சேத்தி இல்ல! எல்லாம் வீணாயிடும்!"

எதுவுமே நடக்காதபோது எது வீணாகும்? கேஷே தேநீர்த் தட்டோடு படியேறி வந்தாள். கோப்பைகளில் கற்கண்டைப் போட்டாள். சூடான தேநீர் பட்டதும் அது படபடவென்று வெடித்தது.

"கேட்டுக்கோ மனுஷா. இந்த வீட்டுல வேலை செய்யற கிரிஸ்டல் இது ஒண்ணுதான்."

"சும்மா இரு கேஷே! இது நுணுக்கமான விஷயம்."

கடைசியில் 476.2-ஐ எடுத்தார். நான் மூச்சு விட்டேன். அவர் அதன் இரண்டு கால்களையும் உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"இப்ப என்ன?"

"குளிர்ந்திருக்கு. சூடாகாமப் போட்டா எண் நகரும். சரியா 476.2-ல நிக்கணும்ல?"

ஒன்னோ எங்கே இருந்தாலும் தேடிப் பிடிப்பார் என்று நான் சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐலர்ட் கண்ணை மூடிக்கொண்டு கிரிஸ்டலைக் கையில் பொத்தி அடைகாத்தார். அப்போது ஒலிபெருக்கியில் வந்தது அழைப்பு அல்ல. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது: பழைய சிநேகிதா, கேட்கவில்லை. பரவாயில்லை. போய் வருகிறேன். பிறகு சாவியை இரண்டு தட்டு, எங்கள் ஆட்கள் விடைபெறுகிற தட்டு.

திரையில் அந்த வெள்ளைக் கோடு நின்றுவிட்டது. நீலம் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

ஐலர்ட் கையை விரித்தார். கிரிஸ்டல் நன்றாகச் சூடாகி இருந்தது. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், ஓர் எழுத்தும் கூட்டவில்லை.

"அவசரக்காரன்."

எங்கள் பக்கத்தில் தேநீர் போதும் என்றால் விருந்தாளி தன் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டுவிடுவார். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அன்று கேஷே புருஷனின் கோப்பையில், அவர் ஒரு வாய்கூடக் குடிக்காத கோப்பையில், தன் கையாலேயே கரண்டியைப் போட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

அக்டோபரில் ஒன்னோ காஸலிலிருந்து எனக்குப் போன் செய்தார். முழங்காலைப் பற்றியும் மகளின் சமையலைப் பற்றியும் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

"அப்பறம் ஏன்..."

"இடம் பாத்துட்டிருந்தான்."

ஒன்னோ சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அந்த மாதத்துக் கூட்டத்தில் தம்மே வழக்கம்போல மணியடித்து வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். ஐலர்ட் எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

"தலைவரே, முடிவு பண்ணிட்டேன். 477.3."

"அங்க யாரோ சொரண்டறான்னு சொன்னியே?"

"நின்னு போச்சு. ஒரு மாசமாப் பாக்கறேன், ஞாயித்துக்கிழமை காலையிலகூட ஒரு கோடு இல்ல. முழுச் சுத்தம்."

எனக்கு வந்த கோபத்தில் பீர் கோப்பையை எறிந்திருப்பேன். "அங்க இருந்தது யாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும், தெரியும். ஒன்னோதான்." ஐலர்ட் தலையை ஆட்டினார், இறந்தவரைப் பற்றிப் பேசுவதுபோல. "எவ்வளவு அருமையான இடத்தைப் பிடிச்சு வெச்சிருந்தான் பாரு. பொறுக்கத் தெரிஞ்சவன்யா அவன்."

இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். கிரிஸ்டலுக்கு ஆர்டர் போயிருக்கிறது. வந்ததும் யாரைக் கூப்பிடுவார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மோர்ஸ் தெரியாது, மத்திய அலையில் பாட்டுக்கூடக் கேட்பதில்லை, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நல்லது. ஆனால் உங்களிடமும் ஏதோ ஒன்று தயாராக இருக்கிறது அல்லவா? சொல்ல வேண்டிய ஒரு பேச்சு, போக வேண்டிய ஒரு வீடு. சரியான நேரம் வரட்டும், எல்லாம் அமைதியாகட்டும் என்று வைத்திருக்கிறீர்களே, அது. அந்த அமைதியைக் கெடுப்பதற்கென்றே ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தாரே? நீங்களும் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தீர்களே?

கொஞ்ச நாளாக அந்தத் தொல்லை இல்லையாமே. இடம் முழுச் சுத்தமாகிவிட்டதா?